பனையடியில் நாலு கமரா

9 மே 83, திங்கள். நாரந்தனை.

விடியவே சோளகக் காற்று. வாய் நிறைய மண். நாலு கமராவையும் பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு வந்ததில் தொடை மரத்துப் போனது. டொ. தன் காரில் வந்தார், பத்து நிமிடம் நின்றார், "இனி எல்லாம் உம்மடை கையிலை" என்றார், போனார். கமராவைக் காரில் ஏற்றியிருக்கலாமே என்று நான் கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டும்.

டொ. = டொக்டர். மருந்து கொடுக்கிறவர் இல்லை, பல்கலைக்கழகத்தில் எங்கள் பகுதி விரிவுரையாளர். நான் அவருடைய ஆய்வுகூட உதவியாள். முழுப்பெயர் எழுதி இந்தக் கொப்பியை ஊத்தையாக்க மனமில்லை.

தங்கல்: பரமேஸ் மாமி வீடு. அம்மாவின் ஒன்றுவிட்ட தமையன் பெண்சாதி. சோறும் போடுகிறா, எனக்கு இன்னும் கலியாணம் ஆகாததையும் கூடவே போடுகிறா.

வேலை: மாமியின் வளவில் கள்ளுச் சீவும் சின்னான் பனை ஏறும்போது முழங்கால், இடுப்பு நாரி, தோள் எப்படி அசைகின்றன என்று நாலு பக்கத்தாலும் ஒரே நேரத்தில் படம் பிடிப்பது. இருட்டப்போகும் மைம்மல் பொழுதில், உடம்பில் சின்ன ரோச் பல்ப்புகளைக் கட்டிக்கொண்டு ஏறுவான். நாலு படத்திலும் வெளிச்சப் புள்ளிகளை அளந்து கணக்குப் பார்த்தால் எந்த மூட்டு எங்கே நின்றது என்று வரும். நாரி முறியாமல் ஏற ஒரு பட்டி செய்யலாமாம். டொ.வின் யோசனை. யோசனை நல்லதுதான், அதுதான் எரிச்சல்.

அதற்கு முதல் கமராக்களைச் சரிபார்க்க வேண்டும். ஆள் உயரத்தில் ஒரு மரச் சட்டகம், பனையைச் சுற்றி நிறுத்தலாம். அதில் பன்னிரண்டு பிங்பொங் பந்து. ஒவ்வொன்றும் எங்கே நிற்கிறது என்று நாடா பிடித்து அளந்து எழுதியாயிற்று. படத்திலிருந்து நான் கணக்கிடும் இடமும் நாடா சொன்ன இடமும் ஒன்றாக வர வேண்டும். அரைச் செ.மீ. வித்தியாசம் பொறுக்கலாம். கமராக்களை இரவில் வெளியே விட ஏலாது, ஆகவே தினமும் திருப்பி நட்டு, திருப்பிச் சரிபார்க்க வேண்டும்.

இன்றைய பிழை 0.4. நன்று.

வேலை முடிந்ததும் சட்டகத்தைச் சின்னானும் நானும் பனையடியிலிருந்து வீட்டுக்குத் தூக்கி வந்தோம். வாசற் படலையில் மாமி வாளியோடு.

"அவன் பிடிச்சது. தண்ணி ஊத்திப்போட்டு உள்ளுக்குக் கொண்டு வா."

எங்கள் வீட்டிலும் அப்படித்தான். ஊற்றினேன்.

10 செவ்வாய்.

காற்று நிற்கவில்லை. பிழை 1.3. இரண்டு தரம் கணக்குப் பார்த்தேன்.

களஞ்சிய அறையில் போர்வை கட்டி இருட்டாக்கிப் படம் கழுவுகிறேன். மாமியிடம் நல்ல தண்ணி இரண்டு வாளி கேட்டேன். "குடிக்கவே அங்காலை போய் அள்ளுறம். உன்ரை படம் என்ன தேத்தண்ணியோ குடிக்குது?" வளவுக் கிணற்று உவர்த் தண்ணியில் கழுவினேன். காய்ந்த படத்தில் உப்புப் பூத்திருக்கிறது.

வாங்க வேண்டியது: பற்றறி, சவர்க்காரம், தலையிடிக் குளிசை.

11 புதன்.

2.2. பிழை மேல் மூலையில்தான் கூட.

யாரில் பிழை:
காற்று.
மூன்றாம் கமராவின் கால்.
கல்குலேற்றர்.
டொ. பிறந்த நேரம்.

மூன்றாம் கமரா சின்னான் மரத்துக்கு வரும் ஒற்றையடிப் பாதையோரம் நிற்கிறது. தோளில் கள்ளு முட்டி, இடுப்பில் கத்திக்கூடு, காலில் மாட்டத் தளநார். இவ்வளவையும் தூக்கிக்கொண்டு அதைத் தாண்டிப் போகிறான். பார்த்து நடக்கச் சொன்னேன். "ஓம் பிள்ளை" என்றான். அந்த ஓமும் எரிச்சலாக இருந்தது.

13 வெள்ளி.

3.1. அழுகை வந்தது. அழவில்லை, மூன்றாம் கமராவின் காலுக்கு உதைத்தேன். பிறகு அதை நேராக்க அரை மணித்தியாலம்.

சின்னானிடம் நேரே கேட்டேன்.

"கமராவிலை முட்டினனீரோ?"

"நான் தொடேல்லை பிள்ளை. அந்தச் சட்டத்தைத் தூக்கச் சொன்னனீங்கள், தூக்கினனான். வேறை ஒண்டையும் தொடேல்லை."

"அப்ப ஆர் முட்டினது? ஆடோ?"

தளநாரை மாட்டிக்கொண்டு ஏறிப்போனான். மேலே பாளை சீவும் சத்தம். இப்படி ஒரு திமிர்.

சட்டகம் உள்ளே. தண்ணி ஊற்றினேன். மாமி விறாந்தையில் இருந்து எட்டிப் பார்த்து, "அந்த மூலை நனையேல்லை" என்றா. நனைத்தேன்.

14 சனி.

டொ. வந்தார். கொப்பியைப் பிரட்டினார்.

"ஒரு கிழமையா என்ன செய்தனீர்? பிழை கூடிக்கொண்டு போகுது. இது பள்ளிக்கூடப் பிள்ளையள் செய்யிற வேலை."

மாமியும் பக்கத்தில். அவவுக்கு முன்னால் பேச்சு வாங்கியது தாங்கவில்லை. சொல்லிவிட்டேன்: "நான் என்ன செய்ய? சின்னான் போக வர கமராவைத் தட்டுறான். கேட்டால் இல்லையெண்டுறான்."

டொ. "அப்படியெண்டால் பாரும்" என்று மட்டும் சொன்னார். மாமிக்கு அது போதும். பின்னேரம் சின்னான் சீவ வந்தபோது படலையை மறித்தா.

"இதுகள் சரிவருமட்டும் வளவுக்குள்ளை கால் வையாதை."

"நாச்சியார், பாளை நாளுக்கு ரண்டு தரம் சீவோணும். விட்டால் அடைச்சுப் போயிடும். பெண்பனை இப்பதான் கள்ளு வார்க்கத் தொடங்கினது. இந்த ஒன்பது மரமும் போனால் இந்த வருசம் எனக்கு வேறை மரமில்லை."

"அதைத் தட்டேக்கை யோசிச்சிருக்கோணும்."

என்னைப் பார்த்தான். நான் முக்காலியின் ஆணியை முறுக்கிக்கொண்டு நின்றேன். இறுகியிருந்த ஆணிதான்.

16 திங்கள்.

நானும் மாமியும் சட்டகத்தைத் தூக்கினோம். மாமி முனகிய முனகலில் காகம் பறந்தது. வளவில் வேறு ஒருவரும் இல்லை. கமராவைச் சுற்றிக் கயிறு கட்டி, ஆட்டையும் அவிழ்த்துப் பின்பக்கம் கட்டினேன்.

பிழை 3.4.

யாரும் தட்டவில்லை. 3.4.

மத்தியானம் சாப்பிடவில்லை. ஒரு முட்டி மேலே நிறைந்து வழிந்து, குளவி மொய்க்கிறது. இறக்க ஆளில்லை.

17 செவ்வாய்.

3.0. குறைகிறது. நான் எதையும் மாற்றவில்லை. கூடினால் விளங்கும், தானாகக் குறைவது எப்படி?

பின்னேரம்தான் நாடாவை எடுத்துச் சட்டகத்தை அளந்தேன். அளந்ததைத் திருப்பி ஏன் அளக்க வேண்டும் என்று ஒன்பது நாளும் பெட்டிக்குள் கிடந்த நாடா. மூலைக்கு மூலை ஒரு பக்கம் நீளம், மறுபக்கம் கட்டை. பொருத்துகளில் வச்சிரப் பசை ஊறிக் கொழகொழவென்று இருக்கிறது. மரச் சிலாகைகள் வீங்கிக் கோணிவிட்டன. சனிக்குப் பிறகு தண்ணி படாததால் காய்ந்து கொஞ்சம் திரும்பியிருக்கிறது.

கமரா நாலும் முதல் நாளிலிருந்தே சரி.

திங்கள் முதல் சனி வரை ஆறு நாள் ஆறு வாளி. ஐந்தை ஊற்றியது நான், சனிக்கிழமையதை மட்டும் மாமி. வெட்கமாக இருக்கிறது. வேறு சொல் தேடிப் பார்த்தேன், இல்லை.

மாமியிடம் சொன்னேன்.

"மரமெண்டால் ஊறும்தானே. அதுக்கு அவனை ஏன் திருப்பிக் கூப்பிடோணும்?"

"அவன் தட்டேல்லை மாமி."

"தட்டேல்லை எண்டாலும் தட்டக்கூடியவன்தானே."

கத்தினேன். இந்த வீட்டில் இதுவரை யாரும் அவவைப் பார்த்துக் கத்தியிருக்க மாட்டார்கள். குசினிக்குள் போய்ச் சட்டி ஒன்றை வேண்டுமென்றே விழுத்தினா. பிறகு உள்ளே இருந்தபடியே, "போய்க் கூப்பிடு, என்னவோ செய்" என்றா.

19 வியாழன்.

நேற்று முழுக்கப் போகாமல் இருக்கக் காரணம் தேடினேன். இன்று போனேன். கடற்கரைப் பக்கம், தாழம்பற்றைக்குப் பின்னால் வீடு. சின்னான் வெளியே இருந்து தளநார் முறுக்கிக்கொண்டிருந்தார். எழும்பவில்லை.

"மாமி வரச் சொன்னவ. பிழை கமராவிலை இல்லை. சட்டகம் தண்ணியிலை ஊறிப் போச்சு."

"வந்து?"

"மரம் சீவலாம்."

"வேலிக்கு வெளியாலை நிண்டு பாத்தனான். ஒன்பதும் காஞ்சு கருகிப் போச்சு. இனி அடுத்த வருசம்."

"நான் சொன்னதாலைதான்."

"தெரியும்." நாரைப் பல்லால் இழுத்து முடிந்தார். "சட்டம் என்னெண்டு ஊறினது எண்டு உங்கடை டொக்டருக்குச் சொன்னனீங்களோ?"

"இன்னும் இல்லை. மழைத் தூறல் பட்டதெண்டு..."

"இந்த மாசம் எங்கை பிள்ளை மழை?"

கோபமாகக் கேட்டிருந்தால் நானும் ஏதாவது சொல்லியிருப்பேன்.

அவருடைய மனிசி கதவடியில் நின்றா. குடிக்க ஒன்றும் தரவில்லை. தந்திருந்தால் குடித்திருப்பேனா என்று வழி முழுக்க யோசித்தேன். தெரியவில்லை.

20 வெள்ளி.

பசையைச் சுரண்டி, பித்தளை ஆணி முடுக்கி, மூலைக்கு மூலை கம்பி இழுத்தேன். பெருவிரல் நகம் போனது. புதிதாக அளந்து எழுதினேன். நாலு கமராவும் நட்டு, படம் எடுத்து, கழுவி, கணக்கு.

0.3. சந்தோசம் வரவில்லை.

அறிக்கைக் கொப்பியில் மையால் எழுதியது: "பனை ஏறுபவர் தொட்ட காரணத்தால் வீட்டாரும் நானும் சட்டகத்தை நாள்தோறும் நீர் ஊற்றிக் கழுவினோம். அதனால் கோணியது. பிழையை ஆராயாமல் அவர்மேல் பழி சொன்னேன்."

21 சனி.

காற்றுக் கொஞ்சம் தணிந்தது. டொ. நாலு மணிக்கு. 0.3ஐப் பார்த்து, "இப்ப சரி" என்றார். அடுத்த பந்தியைப் படித்தார். முகம் மாறியது.

"ஈரப்பதன் எண்டு போட்டால் போதும். இந்தக் கதையெல்லாம் என்னத்துக்கு? வீட்டுக்காரர் என்ன நினைப்பினம்?"

"ஈரப்பதன் தானா வரேல்லை சேர். நாங்கள் ஊத்தினது."

"வெட்டி எழுதும்."

"ஏலாது."

மாமி தேத்தண்ணித் தட்டோடு அப்படியே நின்றா. டொ. கொப்பியை மூடிக் கதிரையில் எறிந்தார். சின்னான் இனி ஏற வரமாட்டார் என்றேன். அவர் இல்லாவிட்டால் வேறொரு ஆள், இதற்கென்ன என்றார். மாமி காலையிலேயே அல்லைப்பிட்டிப் பக்கம் இரண்டு பேருக்குச் சொல்லி அனுப்பியிருந்தா. போன ஆள் அப்போதுதான் படலையடிக்கு வந்தது.

"ரண்டு பேரும் ஒரே கதைதான் சொல்லுகினம் அக்கா. சின்னானை மறிச்ச வளவாம். தாங்கள் தொட்டாலும் கழுவுவினமாம்."

மாமி தட்டை விறாந்தையில் வைத்தா. டொ. கைக்கடிகாரத்தைப் பார்த்தார், பனையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"வெளிச்சம் போகுது. பல்ப் எல்லாம் எரியுதோ?"

"எரியுது சேர்."

"நாலு கமராவும்?"

"சரி."

மைம்மல் வந்து போகும் வரை நின்றோம். ஏற ஒருவரும் வரவில்லை.