சின்னவனுக்கு இந்த வருஷம் வெள்ளைப்போளம்

கர்த்தருக்குள் பிரியமான மகளுக்கு அம்மா எழுதிக்கொள்வது. என் இடது முழங்கால் நீங்கலாக இங்கே எல்லாரும் சுகம், அங்கே நீ எதுவும் நீங்கலாகாமல் முழுசாகச் சுகமாயிருக்க வேண்டுமென்று தினமும் ஜெபத்தில் கேட்கிறேன். லிஃப்ட் ரிப்பேருக்கு ஏறும்போது வெறும் வயிற்றோடு ஏறாதே. என் மகள் லிஃப்ட் சரிசெய்கிறவள் என்று சபையில் சொன்னால் பாதிப் பேர் நம்புவதில்லை, நம்பாதவர்களுக்கு இரண்டாம் தரமும் சொல்கிறேன்.

பையன்களுக்குப் பரிசு என்ன அனுப்பட்டும் என்று கேட்டிருந்தாய். ஒரே ஒரு சாமான்தான் வேண்டும், ஏன் என்று தெரிந்தால்தான் அளவைச் சரியாக வாங்குவாய், அதனால் பொறுமையாகப் படி. உன் அண்ணி பிள்ளைகளைப் பள்ளிக்கூடம் அனுப்பாமல் சாப்பாட்டு மேசையிலேயே படிப்பிக்கிறது உனக்குத் தெரியும், குக்கர் விசில்தான் அவர்களுக்கு இடைவேளை மணி. ஐந்தாவதோடு நின்றவள் நான், பக்கத்தில் உட்கார்ந்து எனக்கே ஆறாவது பாதி முடிந்துவிட்டது. கிறிஸ்துமஸ் பரிசும் அவள் கணக்கில் பாடம்தான். கடையில் கண்டதை வாங்கிக் குவிக்கக் கூடாது, கிழக்கிலிருந்து வந்த சாஸ்திரிகள் பாலன் இயேசுவுக்குக் கொண்டுவந்த பொன், தூபவர்க்கம், வெள்ளைப்போளம் மாதிரி மூன்று பேருக்கும் அர்த்தமுள்ள மூன்று பரிசு, வருஷா வருஷம் முறை மாறும். பொன் என்றால் விலை உயர்ந்த பொருள், தூபவர்க்கம் என்றால் ஜெபத்துக்கோ பாட்டுக்கோ ஆனது, வெள்ளைப்போளம் என்றால் உடம்புக்கு உதவுவது. போன வருஷம் வெள்ளைப்போளம் பெரியவனுக்கு வந்தது, முதலுதவிப் பெட்டி கொடுத்தாள், அவன் என் நல்ல முழங்காலுக்குக் கட்டுப் போட்டுவிட்டான். அதற்கு முந்தின வருஷம் நடுவுள்ளவனுக்குக் கம்பளிக் காலுறை. இந்த வருஷம் சின்னவன் முறை, அவனுக்கு ஆறு வயது.

கொஞ்ச நாளாகவே அவன் தன் சாமான்களை ஒவ்வொன்றாகக் கொடுத்துக்கொண்டு வந்தான். கோலிகள் நடுவுள்ளவனுக்கு, ரயில் வண்டி பக்கத்து வீட்டுப் பையனுக்கு. உன் அண்ணி பூரித்துப்போய், சுவரில் தொங்குகிற அட்டையில் ஈகை என்ற வரிசையில் நட்சத்திரமாக ஒட்டித் தள்ளினாள், நானும் சபையில் நாலு பேரிடம் சொன்னேன், தபால்காரரிடமும் சொன்னேன். போன வாரம் என்னிடம் வந்து தன் டார்ச் லைட்டைக் கொடுத்தான். ராத்திரி பாத்ரூம் போக வச்சுக்கோங்க பாட்டி, கிறிஸ்துமஸுக்கு அப்புறம் எனக்குத் தேவைப்படாது என்றான். ஏண்டா என்றேன். வெள்ளைப்போளம் என்பது ஆண்டவரை அடக்கம்பண்ணும்போது போட்டது, அந்தப் பாடமும் முடிந்துவிட்டது, அதுதான் தனக்கு வருகிறது, அதனால் அவன் சாகப்போகிறானாம். அழவில்லை. மனப்பாடம் ஒப்பிக்கிற மாதிரி கையைக் கட்டிக்கொண்டு சொன்னான். உன் அண்ணன்மாருக்கும் அது வந்ததே, அவங்க செத்தா போனாங்க என்று கேட்டேன். அவங்க அப்ப இந்தப் பாடம் படிக்கலையே பாட்டி என்றான்.

உன் அண்ணியிடம் சொன்னதும் அவள் கையிலிருந்த கரண்டியோடு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். மறுநாள், வெள்ளைப்போளம் மருந்தும்தான், வாசனைப் பொருளும்தான் என்று தனியாக ஒரு பாடம் எடுத்தாள், கேள்வி கேட்டாள், பத்துக்குப் பத்து வாங்கினான், வாங்கிக்கொண்டு போய்த் தன் தலையணையைப் பெரியவனுக்குக் கொடுத்துவிட்டான். உன் அண்ணன் பெயின்ட் வேலை முடிந்து வந்து விஷயத்தைக் கேட்டவன், குளிக்காமலே போய் அவனைத் தன் கையில் போட்டுப் படுத்துக்கொண்டான், விடிந்து பார்த்தால் பிள்ளை தலையெல்லாம் பச்சை.

அப்புறம்தான் நான் சொன்னேன், பாடம் எடுத்தது போதும், அவன் பத்து வயதில் போட்டுக்கொள்கிற மழைக்கோட்டு ஒன்று வாங்குவோம் என்று. உடம்பைக் காக்கிற சாமான் என்பதால் உன் அண்ணிக்கும் அர்த்தம் கிடைத்துவிட்டது. அவனைக் கூப்பிட்டு, உன் வெள்ளைப்போளம் மழைக்கோட்டுதான், அத்தை வாங்கி அனுப்புவாள், இப்போது தொளதொளவென்று இருக்கும், பத்து வயதில்தான் சரியாக வரும், அதுவரை நீதான் பத்திரமாக வைத்திருக்க வேண்டும் என்றேன். நிஜமா பத்து வயசு அளவா என்றான். ஆமாம் என்றேன். அம்மாவுக்குத் தெரியுமா என்றான். தெரியும் என்றேன். என்ன கலர் என்றான். உனக்கு எது பிடிக்கும் என்று கேட்டேன். சிவப்பு என்று சொல்லிவிட்டுப் போனவன் பாதியில் திரும்பி வந்தான்.

“பத்து வயசுலயும் எனக்குச் சிவப்பு பிடிக்குமா பாட்டி?”

அது எனக்கு எப்படித் தெரியும் என்று சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டேன். அங்கே எனக்கு வேலை ஒன்றும் இல்லை, சும்மாதான் நின்றேன்.

மற்ற இரண்டு பேருக்கும் நாங்கள் இங்கேயே பார்த்துக்கொள்கிறோம். கடையில் பிள்ளைக்கு என்ன வயது என்று கேட்டால் ஆறு என்று வாய்தவறிச் சொல்லிவிடாதே, சின்னதாக எடுத்துக் கொடுத்துவிடுவார்கள். நீ ஏறுகிற இடத்திலும் இறங்குகிற இடத்திலும் கர்த்தர் கூடவே இருந்து உன்னை ஆசீர்வதிப்பார். பத்து வயது அளவு, சிவப்பு, மறக்காதே. பத்து வயதில் பிடிக்கவில்லை என்றால் என்னோடு வந்து சண்டை போடட்டும்.

இப்படிக்கு,
உன் வரவை எதிர்பார்க்கும்
அம்மா