கொடி நட்ட வயல்

ஏப்ரல் 3, திங்கள்

இன்று ஜொலேகாவிடம் நான் சொல்லாதது: "அறுத்துவிடு."

அவள் கேட்டாள். வரப்பில் நின்று, ஒரு நெல்மணியைப் பல்லில் கடித்துக் காட்டிவிட்டுக் கேட்டாள். "பாரு, முக்காவாசி முத்திடுச்சு. மலைப்பக்கம் கறுத்துக் கெடக்கு. நாளைக்கே ஆளு வச்சு அறுத்திடவாடீ?"

அவள் வயலில் எங்கள் புள்ளிவிவர அலுவலகத்தின் சிவப்புக் கொடி நிற்கிறது. விளைச்சல் கணக்குக்காக இந்த வருடம் குலுக்கிய சீட்டில் அவள் வயல் எண் வந்தது. பன்னிரண்டாம் தேதி நாங்கள் போய்க் கயிற்றைச் சுழற்றி வட்டம் போட்டு, வட்டத்துக்குள் விளைந்ததை அறுத்து, அடித்து, எடை பார்த்து எழுதவேண்டும். அதுவரை அந்த வயலில் யாரும் கை வைக்கக்கூடாது. அவசரமென்றால் மாற்று வயல் எடுத்துக்கொள்ளலாம் என்று கையேட்டில் ஒரு வரி உண்டு. அந்த வரி எனக்குத் தெரியும்.

"பன்னெண்டு வரைக்கும் பொறுத்துக்கோயேன்" என்றேன்.

"சரிங்க மகாராணி. சர்க்கார் சொன்னா அப்பீல் ஏது?" என்று சிரித்தாள். ஒன்றாம் வகுப்பிலிருந்து என் பக்கத்தில் உட்கார்ந்தவள். அவள் கணவன் காஜிப்பூரில் தையல் ஆலையில் இருக்கிறான். இந்த ஒரு போகம் வீடு வந்தால் இவள் மகளோடு ஊரில் இருந்துகொள்வாள். இல்லையென்றால் இவளும் அங்கேதான்.

ஏன் சொல்லவில்லை? இந்த வட்டாரத்திலேயே அவள் பயிர்தான் நன்றாக நின்றது. அந்த எடை எனக்கு வேண்டியிருந்தது.

ஏப்ரல் 4

மழை. நாள் முழுக்க.

ஏப்ரல் 5

எழுபத்தொன்றில் விடுதலை அடைந்த காலத்திலிருந்து எங்கள் நாட்டில் விளைந்த அரிசியை ஒரு வரைதாளில் புள்ளி வைத்து வருகிறேன். யாரும் செய்யச் சொன்னதில்லை. அம்மாவிடம்கூடக் காட்டியதில்லை. அப்போது ஏறக்குறைய ஒரு கோடி டன். இப்போது மூன்றரைக் கோடிக்குப் பக்கம். மக்கள்தொகை இரண்டு மடங்குக்கு மேல் பெருகியும் சோறு அதை முந்திவிட்டது. கோடு ஏறுகிறது, ஒரு வருடம் சறுக்குகிறது, மறுபடி ஏறுகிறது. அதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு ஒரு பெருமை.

சறுக்கிய புள்ளிகளுக்குள் யார் யார் இருந்தார்கள்? இத்தனை நாள் இதை ஏன் கேட்டுக்கொள்ளவில்லை நான்?

எங்கள் ஹாவோர் பள்ளநிலம் ஆறு மாதம் கடல், ஆறு மாதம் வயல். இந்தப் பங்குனி சித்திரையில் அறுக்கும் போரோ நெல்லை விட்டால் இங்கே வேறு போகம் கிடையாது.

மழை நிற்கவில்லை.

ஏப்ரல் 7, வெள்ளி

ஜும்ஆ முடிந்ததும் பள்ளிவாசல் ஒலிபெருக்கி: "வீட்டுக்கு ஒரு ஆள், கூடை மம்பட்டியோட கரைக்கு வாங்க! தண்ணி ஏறுது!"

போனேன். தலையில் மண் கூடையோடு நின்ற என்னைப் பார்த்துப் படகோட்டி கொபாத் மாமா கத்தினார்: "ஆபீஸ் அம்மா, மண்ணையும் எடை போட்டுத்தான் கொட்டுவீங்களோ?" எல்லோரும் சிரித்தார்கள். அந்த நிலையிலும்.

ஜொலேகா முழங்கால் சேற்றில் நின்றாள்.

"இன்னும் அறுக்கலையா?"

"நீதானேடீ பன்னெண்டுன்ன."

"அறு. இப்பவே போய் அறு."

"யாரை வச்சு? ஊரே இங்க நிக்குது. அறுப்புக்குக் கூப்பிட்டா, கரை போனா வயலு ஏதுன்னு கேக்கறான். அவன் கேக்கறதும் நியாயம்தானே?"

சொல்லிவிட்டேன், நான்கு நாள் கழித்து.

ஏப்ரல் 8

காலை பத்தரைக்குக் கரை உடைந்தது.

ஏப்ரல் 9

கொபாத் மாமாவின் படகில் போனேன். வயல் எது, வரப்பு எது என்று தெரியவில்லை. கழுத்தளவு தண்ணீரில் ஜொலேகா. காலால் துழாவிக் கதிரைக் கண்டுபிடிக்கிறாள், மூச்சை அடக்கி முங்குகிறாள், ஒரு பிடி அறுத்துக்கொண்டு எழுகிறாள். நானும் இறங்கினேன்.

"நீ ஏறு. ஒனக்கு அரிவா புடிக்கத் தெரியாது. கதிரை விட்டுட்டுக் கையை அறுத்துப்ப."

"ஜொலி..."

"ஏறுடீ. நீ வந்தா கலங்குது. எனக்குக் கண்ணு தெரியல."

அறுத்தது மொத்தம் இரண்டு கூடை. மணியைத் தொட்டுப் பார்த்தேன். நன்றாக முற்றியிருந்தது.

கதை படிக்கும்போது சொல்லவேண்டியதைச் சொல்லாமல் நிற்கிற ஆட்கள்மேல் எனக்கு அப்படி எரிச்சல் வரும். வாயைத் திறந்தால் என்ன கெட்டுவிடும் என்று.

ஏப்ரல் 12

கொடி நட்ட வயலை அறுக்கக் குறித்த நாள். எங்கள் அலுவலக அதிகாரி மொதாலேப் சார் படிவத்தைப் பிரித்துக்கொண்டு கேட்டார், "ஒங்க தோழி வயலு என்னாச்சு?"

"முழுகிடுச்சு சார். சைபர் போடட்டுமா?"

"சைபர் எதுக்கும்மா? முழுகின நெலம் பரப்புக் கணக்குல கழிஞ்சிடும். விளைச்சல் நிக்கற பயிருக்குத்தான். லிஸ்ட்டுல அடுத்த வயலை எடுத்துக்குங்க. மேட்டு வயல் ஒண்ணு இருக்குல்ல?"

"அவ்வளவுதானா சார்?"

"அவ்வளவுதான். ஒரு கையெழுத்து."

தவறாக எதுவும் சொல்லவில்லை அவர். கணக்கு அப்படித்தான். மேட்டு வயலில் கயிற்றைச் சுழற்றினேன். நல்ல எடை. எழுதினேன்.

ஒரு கையெழுத்து.

ஏப்ரல் 20

முழுகிய நெல் அழுகி ஊரெல்லாம் நாற்றம். மீன் செத்து மிதக்கிறது. அதைத் தின்ற வாத்துகளும் சாகின்றன. ஜொலேகா வீட்டுக்குப் போனேன். டீ கொடுத்தாள். பக்கத்து வீட்டு மாட்டைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தாள்.

மே 2

ஜொலேகா இன்று காஜிப்பூர் போனாள். மகள் மைமூனா மாமியாரிடம். நாலு வயது. படகுத் துறைக்குக் கூட்டி வந்தால் அழுவாள் என்று, தூங்கும்போதே விட்டுவிட்டு வந்திருந்தாள்.

சொன்னேன். மாற்று வயல், கையேட்டு வரி, அது அன்றைக்கே எனக்குத் தெரியும் என்பது, எல்லாம்.

மூட்டையைக் கட்டிக்கொண்டிருந்த கை நின்றது.

"அன்னிக்கு நான் கேட்டப்பவே தெரியுமா?"

"தெரியும்."

"நான் அறுத்திருந்தா ஒனக்கு வேலை போயிருக்குமா?"

"இல்ல."

"அப்புறம் எதுக்குடீ?"

நல்ல நம்பர் கிடைக்கும்னு. எப்படிச் சொல்வேன் அதை? சொல்லிவிட்டேன். அவள் என் முகத்தைப் பார்த்தாள், அந்நிய ஊரில் வழி கேட்டவளைப் போல. பிறகு முடிச்சை இறுக்கினாள். படகில் ஏறி, எனக்கு முதுகு காட்டி உட்கார்ந்தாள்.

ஆகஸ்ட் 19

அவள் எண்ணுக்கு அழைத்தேன். அடித்து அடித்து நின்றது. இனி அழைக்கக்கூடாது. அழைப்பதும் என் ஆறுதலுக்குத்தானே?

ஜூன் 21, மறு வருடம்

நாட்டின் விளைச்சல் சென்ற வருடச் சறுக்கலை ஈடுகட்டி மேலே போய்விட்டது என்று தலைமை அலுவலகத்திலிருந்து செய்தி. மொதாலேப் சார் இனிப்பு வாங்கிக் கொடுத்தார்.

ஜொலேகாவின் வயலை வாரத்துக்கு எடுத்தவன் இந்த முறை முழுதாக அறுத்துவிட்டான்.

ஈதுக்கு ஜொலேகா வந்திருந்தாளாம். மூன்று நாள் இருந்தாளாம். போகும்போது மைமூனாவையும் கூட்டிக்கொண்டு போய்விட்டாள். எனக்குக் கொபாத் மாமா இன்றுதான் சொன்னார்.