கை நடுங்காத மெஷின்

என் பிரியத்துக்குரிய மெஷின்காரரே,

ஊரே உங்களை அப்படித்தான் கூப்பிட்டது. நானும் ஒரு தடவை கூப்பிட்டுப் பார்க்கிறேன். நீங்கள் இருந்தவரை "என்னங்க" என்பதைத் தாண்டி என் வாயில் எதுவும் வந்ததில்லை. இப்போது எழுத்தில்தானே, கோபித்துக்கொள்ளவா போகிறீர்கள் என்று துணிந்துவிட்டேன்.

முதலில் நல்ல சேதியைச் சொல்லிவிடுகிறேன். புது மெஷின் வாங்கிவிட்டேன். மரம் அறுக்கிற மெஷின்தான், வேறென்ன, மாவரைக்கிற மெஷினா வாங்குவேன்? காசுக்கு என்ன செய்தாய் என்று அங்கிருந்தே புருவத்தை உயர்த்தாதீர்கள். அது என் பாடு.

கோடை மழையோடு அடித்த காற்றில், நம் ஊர்ப் பாசன வாய்க்காலின் குறுக்கே அந்தப் பெரிய மருதமரம் சாய்ந்துவிட்டது. வேர் ஒரு கரையில், தலை எதிர்க்கரையில். மேட்டூரில் தண்ணீர் திறக்கிற சமயம் வேறு. மரத்தை எடுக்காவிட்டால் தண்ணீர் குப்பையோடு அங்கேயே முட்டிக்கொண்டு நிற்கும், கீழே உள்ள வயல்களில் குறுவைக்கு நாற்று விடக்கூட ஈரம் இருக்காது. விவசாயிகள் அதிகாரிகளிடம் அனுமதி வாங்கிக்கொண்டு, பழக்கதோஷத்தில் நம் வீட்டு வாசலுக்கு வந்துவிட்டார்கள். வந்த பிறகுதான் நீங்கள் இல்லை என்பது அவர்களுக்கு ஞாபகம் வந்ததுபோல் நின்றார்கள்.

"மெஷின்காரர் இருந்தா ஒரு வார்த்த சொல்லிட்டுப் போயிருப்போம். இப்ப யார நம்பிச் சொல்றது, தங்கச்சி?" என்றார் கீழத்தெரு சிங்காரவேலு அண்ணன்.

உங்களோடு மரமேறிக் கயிறு கட்டிய கலியமூர்த்தி பக்கத்தில்தான் இருந்தான். மரம் அறுக்கிற மாயவரத்துக் கோஷ்டி ஒன்று அவனை வரச்சொல்லி விடாமல் போன் செய்துகொண்டிருந்தது எனக்குத் தெரியும். எவ்வளவு உயர மரத்திலும் ஏறிவிடுவான், ஆனால் மெஷினைத் தொடச் சொன்னால் அவனுக்கு வேர்த்துவிடும். அறுக்க ஆள் இல்லாத கோஷ்டியில் அவன் எதற்கு இருக்க வேண்டும்? அவனும் போய்விட்டால் நீங்கள் உண்டாக்கிய தொழில் அன்றோடு சரி. அந்தக் கடுப்பில்தான் சொல்லிவிட்டேன்: "நான் அறுக்குறேண்ணே."

சிரிக்காதீர்கள். கொல்லையில் விறகு அறுத்து எனக்குப் பழக்கம் உண்டு. நீங்கள் பெருமரம் அறுக்கும்போதெல்லாம் கயிற்றைப் பிடித்துக்கொண்டு எதிரே நின்றவளும் நான்தான். ஆனால் உங்கள் பழைய மெஷினால் ஒரு மருதத்தை முழுக்க அறுக்க என்னால் ஆகாது. ஸ்டார்ட் பண்ணவே தோள்பட்டை கழன்றுவிடும். அதனால் கும்பகோணம் போனோம், நானும் கலியமூர்த்தியும், கூடவே அந்த மருதத்தின் கிளைத்துண்டு ஒன்றும்.

ஆமாம், கட்டையைத் தூக்கிக்கொண்டு பஸ்ஸில்தான் போனோம். எந்த மரத்தை அறுக்கப் போகிறோமோ அந்த மரத்திலேயே மெஷினைப் பார்த்துவிட வேண்டாமா?

"என்னம்மா, கட்டைக்கும் டிக்கெட் போடவா?" என்றார் கண்டக்டர்.

"லக்கேஜ் போடுங்க தம்பி. உக்கார எடம் கேக்காது," என்றேன். பஸ்ஸே சிரித்தது. கலியமூர்த்தி மட்டும் என்னைத் தெரியாதவன்போல் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான்.

கடைக்காரர் அதிராம்பட்டினத்து பாய். வெளிநாட்டில் சம்பாதித்துவிட்டு வந்து கடை போட்டவராம். என்னைப் பார்த்ததும் பொம்மை மாதிரி ஒன்றை எடுத்து வைத்தார். "வீட்டுத் தோட்டத்துக்குத்தானம்மா? இது லேசா இருக்கும், லேடீஸ் தூக்கலாம்."

"நான் லேடீஸ்தான் பாய். மரம் லேடீஸ் இல்லையே," என்று கட்டையைத் தரையில் போட்டேன். மனுஷர் கட்டையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "இதுக்குன்னே கொண்டாந்தீங்களா?" என்று விழுந்து விழுந்து சிரித்துவிட்டு, பின்கட்டுக்குக் கூட்டிப்போனார்.

முதலில் எடுத்தது நல்ல பெரிய மெஷின். கயிற்றை இழுத்ததும் அந்தத் தெருவே அதிர்ந்தது. கலியமூர்த்தி முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம். "அண்ணி, இதான்! அண்ணன் மெஷின் மாதிரியே கத்துது!" நானும் அதையே எடுப்பதாகத்தான் இருந்தேன். நன்றாகவும் அறுத்தது. அதற்குள் பாய் காப்பி வரவழைத்திருந்தார். டம்ளரைக் கையில் வாங்கினேன். பாதிக் காப்பி டபராவில், மீதி என் மேல்.

கையைப் பார்த்தேன். என் கைதான், ஆனால் உங்கள் கை மாதிரி நடுங்கியது. வேலை முடிந்து வந்து சட்டைப் பொத்தானோடு மல்லுக்கட்டுவீர்களே, நான் வந்து கழற்றிவிடுவேனே, "வயசாவுதுல்லடி" என்று சிரிப்பீர்களே, அந்த நடுக்கம். விரல் நுனி மரத்துப்போய், தொட்டதே தெரியவில்லை. பாயிடம் கேட்டேன். "வயசெல்லாம் இல்லம்மா, மெஷினோட அதிர்வு. வருஷக்கணக்கா புடிச்சா நரம்புல எறங்கிடும்," என்றார்.

ஏங்க, உங்களுக்கு இது தெரியுமா, தெரியாதா? தெரிந்துதான் சிரித்தீர்களா? நெஞ்சுவலி வந்த அன்றுகூட அந்தக் கையைத்தான் பிடித்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனேன். ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்.

நீங்கள் மெஷின் வாங்கப் போனால் கண்ணை மூடிக்கொண்டு சத்தத்தைத்தான் கேட்பீர்கள். அடுத்த தெருவுக்குக் கேட்டால்தான் அது மெஷின், இல்லாவிட்டால் மரத்துக்காரன் வேலை நடக்கவில்லை என்று நினைப்பான் என்பீர்கள். உங்களை மட்டும் சொல்லிக் குற்றமில்லை, நம் பக்கத்துக் கோஷ்டிகள் எல்லாமே அப்படித்தான். காதுக்குப் பிடித்ததைக் கையல்லவா சுமந்தது? அன்றைக்கு உங்கள் மேல் எனக்கு வந்த கோபம் இன்னும் முழுசாக இறங்கவில்லை.

அடுத்த மெஷினை பாய் எடுத்துக் கொடுத்தார். "இதுல கைப்பிடிக்கும் இன்ஜினுக்கும் நடுவுல ஸ்பிரிங் வச்சிருக்காங்கம்மா. ஒதறல் கைக்கு வராது. பவரும் கூட." கயிறு ஒரே இழுப்பில் வந்தது. இடுப்போடு அணைத்துப் பிடித்தால் வாகாக உட்கார்ந்தது. அந்த மருதக்கட்டையை வாழைத்தண்டு நறுக்குவதுபோல் நறுக்கியது. நிறுத்திவிட்டு, "பாய், இன்னொரு காப்பி சொல்லுங்க," என்றேன். ஓசிக் காப்பிக்கு இவ்வளவு ஆசையா என்று நினைத்திருப்பார். டம்ளரை விளிம்பு வரை ஊற்றச் சொல்லி வாங்கிக் குடித்தேன். ஒரு சொட்டு சிந்தவில்லை.

"சத்தமே பத்தலையே அண்ணி, வேல நடக்குறது ஊருக்குத் தெரியாதே," என்று இழுத்தான் கலியமூர்த்தி. "மரம் விழுந்தா தெரியும்டா," என்று பில் போடச் சொல்லிவிட்டேன்.

மரம் அறுத்த அன்று ஊரே கரையில் நின்றது. உங்கள் பேண்ட்டைத்தான் போட்டுக்கொண்டேன், இடுப்பில் கயிறு கட்டி. உங்கள் முழுக்கைச் சட்டை, கண்ணுக்குக் கண்ணாடி. நீங்கள் பார்த்திருந்தால் ஒரு வாரம் கேலி செய்திருப்பீர்கள். "மேலேருந்து ஒரே இழுப்பா இழு" என்று ஆளாளுக்கு யோசனை சொன்னார்கள். இரண்டு கரையிலும் தாங்கி நிற்கும் மரத்தை மேலிருந்தே அறுத்தால் அது மெஷினின் வாளைக் கவ்விக்கொள்ளும் என்று எனக்குத் தெரியாதா? மேலே கொஞ்சம் அறுத்து, மரம் இறுக்க ஆரம்பித்ததும் வாளை வெளியே எடுத்து, அடியிலிருந்து மேல்நோக்கிக் கொண்டுவந்தேன். கலியமூர்த்தி கயிற்றோடு எதிர்க்கரையில் நின்று என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். நடுமரம் அறுந்து வாய்க்காலுக்குள் விழுந்தபோது தரை ஆடியது. அந்தச் சத்தம் எல்லாத் தெருவுக்கும் கேட்டது.

துண்டுகளை டிராக்டர் இழுத்து முடிக்கச் சாயங்காலம் ஆகிவிட்டது. சிங்காரவேலு அண்ணன் தோளில் கிடந்த துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். எனக்குப் பெருமையாக இருந்தது. வெட்கமில்லாமல் சொல்கிறேன், அவ்வளவு பெருமை.

பிறகு ஒருநாள் தண்ணீர் வந்தது. நானும் கலியமூர்த்தியும் பார்க்கப் போயிருந்தோம். நுங்கும் நுரையுமாக, சருகெல்லாம் தள்ளிக்கொண்டு, மரம் கிடந்த இடத்தில் ஒரு நொடிகூட நிற்காமல் போனது. அப்போது கலியமூர்த்திக்குப் போன் வந்தது. மாயவரத்துக் கோஷ்டிதான். காதில் வைத்தவன் என் பக்கம் திரும்பாமலே பேசினான்.

"இல்லண்ணே, வரல. எங்க மொதலாளியம்மா அடுத்த வேல ஒத்துக்கிட்டாங்க."

யாரைச் சொல்கிறான் என்று நான் திரும்பிப் பார்த்தேன். கரையில் எங்கள் இருவரைத் தவிர யாரும் இல்லை.

ஒன்று மட்டும் உறுதியாகச் சொல்கிறேன். நீங்கள் சேர்த்த கோஷ்டி கலையாது. அந்தப் பயந்தாங்கொள்ளி கையிலும் ஒருநாள் மெஷினைக் கொடுத்து அறுக்க வைப்பேன். நீங்கள் நிம்மதியாக இருங்கள்.

இப்படிக்கு,
உங்கள் வீட்டுக்காரி
வசந்தா