மலையைத் தாங்கி நின்றவர்

சனிக்கிழமை, மாசி மாதம், 1974. கஞ்சிக்கோடு.

இன்று நான் வேலை பார்க்கும் பள்ளிக்கூடத்தில் கண்காட்சி. நான் செய்த பொம்மை ரயில் நன்றாகத்தான் ஓடியது. ஆனால் எல்லாரும் பார்த்தது ரயிலுக்குப் பின்னால் நின்ற வாளையார் மலையைத்தான். பியூன் பொன்னுச்சாமி எட்டு நாள் சாயங்காலம் உட்கார்ந்து பிளைவுட் பலகையில் வரைந்த மலை அது. மழைக்கு முந்தைய அந்த நீலத்தை எனக்குக் கலக்கக்கூடத் தெரியாது.

காலையில் பலகையை நிறுத்திக்கொண்டிருந்தபோதே கல்வி அதிகாரி வந்துவிட்டார். ஆணி அடிக்க நேரமில்லை. பொன்னுச்சாமி பின்னால் போய் இரண்டு கையாலும் பலகையைத் தாங்கிக்கொண்டார்.

"மலை ஆரு வரச்சது, மாஷே?" என்று மலையாளத்தில் என்னைக் கேட்டார் அதிகாரி.

"நான்தான் சார்" என்றேன். ஏன் சொன்னேனோ, வாய் முந்திக்கொண்டது. அவர் என் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

அவர் போனதும் பலகைக்குப் பின்னாலிருந்து குரல் வந்தது. "ஏனுங்க சார், இனி ஆணி அடிச்சரலாமுங்களா? கை மரத்துப் போச்சுங்க."

அடித்தேன். முதல் ஆணி வளைந்துவிட்டது. பொன்னுச்சாமி வெளியே வந்து, கையை உதறிக்கொண்டே, "அவருக்கு மலை புடிச்சுப் போச்சாட்ட இருக்குதுங்க" என்றார். குரலில் கோபமே இல்லை. நான் அவர் முகத்தைப் பார்க்காமல் தலையாட்டினேன்.

திங்கட்கிழமை தலைமையாசிரியரிடம் உண்மையைச் சொல்லிவிட வேண்டும். இதை எழுதும்போதே, சொல்லாமல் இருக்க என்ன காரணம் கிடைக்கும் என்று மனசு தேடிக்கொண்டிருக்கிறது.