கரும்பச்சையை நம்பாதே

சிம்பாய்,
ஜூலை மாதம்

அன்புள்ள சர்சென் அண்ணாவுக்கு, உல்மேகென் எழுதுவது. இங்கே அப்பாவும் மாடுகளும் நலம். பருத்தி நலமில்லை. போனில் சொன்னால் அப்பா காதில் விழும், அதனால்தான் கடிதம்.

அல்மாத்தியில் பார்க்கும் வேலையை விட்டுவிட்டு, அண்ணியையும் குழந்தையையும் கூட்டிக்கொண்டு வந்துவிடப் போகிறாயாம். பயிர் கரும்பச்சையாக நிற்கிறது, தாராளமாக வா என்று அப்பா சொன்னாராம். நிற்பது உண்மை. ஆனால் அது உப்பு ஏறிய பச்சை. இலை சின்னதாக, தடித்துக் கிடக்கிறது. வழியில் போகிறவர்கள் பாராட்ட, அப்பாவுக்குத் தலைகால் புரியவில்லை. இது உப்பு என்று நான் சொன்னதற்கு, நுகுஸ் காலேஜைப் பாதியில் விட்டவள் எனக்குப் பாடம் எடுக்கிறாளா என்றார்.

பிறகு மதியங்களில் செடி வாடியது. தாகம் என்று மடையைத் திறந்தார். காலடியில் சேறு, அதில் நின்றபடியே செடி காய்ந்தது. மண்ணில் உப்பு மிஞ்சினால் ஈரம் இருந்தும் வேரால் குடிக்க முடியாது. தண்ணீர் விட விட, அடியில் கிடந்த உப்பும் மேலே வந்தது. இப்போது கீழ் இலைகள் ஓரம் கருகி உதிர்கின்றன. வந்த உப்பையெல்லாம் முற்றிய இலைகளில் தள்ளிவிட்டு, குருத்தையாவது காப்பாற்றப் பார்க்கிறது செடி.

குளிர்காலத்தில் வயலில் தண்ணீர் கட்டிக் கழுவினோமே என்பாய். கழுவிய உப்பு போக வழியில்லை. வடிகால் முழுக்க நாணல். அதை வெட்ட ஊராரை அப்பா கூப்பிடவே இல்லை. ஏன் என்று சண்டை போட்டேன். கடைசியில் சொன்னார்: "கூப்பிட்டா வருவாங்கடி. பதிலுக்கு அவங்க வடிகாலுக்கு நம்ம வீட்டுலேருந்து யாரு போறது? இந்த இடுப்பை வச்சுக்கிட்டு நானா?"

நேற்று மண்வெட்டியோடு பக்கத்து வயல் தோரெபாய் மாமாவின் வடிகாலில் நானே இறங்கினேன். வீட்டில் ஆம்பளை இல்லையா என்றார். "வேலைக்கு வந்தவளுக்கு டீ ஊத்துவீங்களா, மாட்டீங்களா?" என்றேன். சிரித்துக்கொண்டே ஊற்றினார். பருத்தி எடுத்து முடிந்ததும் ஆட்களோடு நம் வடிகாலுக்கு வருகிறேன் என்று சொல்லியிருக்கிறார்.

வேலையை விடாதே, அண்ணா. இந்த வருடம் இந்த வயல் நம் எல்லோருக்கும் ரொட்டி போடாது. வராதே என்று அப்பா தன் வாயால் சொல்லமாட்டார்.

ஆனால் தோரெபாய் மாமா ஆட்களோடு வரும் வாரம் மட்டும் லீவு போட்டு வா. நாணல் வெட்டுவதை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம். அண்ணியும் குழந்தையும் ஒரு குறையும் இல்லாமல் அங்கேயே இருக்கட்டும். நீ வந்து, நாலு பேர் பார்க்க, அப்பா பக்கத்தில் நின்றால் போதும்.

உன் தங்கை,
உல்மேகென்