எச்சில் குச்சி

டயகம,
4.8.1957, ஞாயிறு.

அன்புள்ள மகள் நாகலெட்சுமிக்கு,

அம்மா எழுதுவது. அப்பாவும் நானும் உடம்பளவில் சுகம். நீயும் சுகமாயிருக்க வேண்டும் என்று அப்பா காலையும் மாலையும் சாமி படத்தின் முன்னால் நின்று கேட்கிறார், நான் தபால் வரும் நேரத்தில் கேட்டுக்கொள்கிறேன். உன் கடிதம் செவ்வாய்க்கிழமையே வந்துவிட்டது. பதில் எழுத ஐந்து நாள் ஆனதற்கு மழையைக் காரணம் சொல்லலாம், ஆனால் அது பொய். அப்பாவின் காய்ச்சல் எட்டு நாளில் விட்டுவிட்டது, இருமல் மட்டும் இன்னும் இருக்கிறது, மிளகு ரசமும் சுடுநீரும் கொடுத்து வருகிறேன். மழை ஒரு நாளும் விட்டபாடில்லை, உன் கம்பளிச் சட்டைகளில் பூஞ்சணம் பிடித்திருந்தது, அடுப்படிக்கு மேலே கட்டிக் காயவைத்திருக்கிறேன். காய்ச்சலுக்குப் பயந்து ஹட்டனில் படக்கொட்டகையை மூடிவிட்டார்கள் என்று பஸ்காரர் சொன்னார். ஆடிப் பூசைக்குக் கூட்டம் கூடக்கூடாது என்று நம் தோட்டத்துத் துரை உத்தரவு போட்டார், பூசை நடக்கவேண்டிய அதே சனிக்கிழமை துரைமார் கிளப்பில் பந்தாட்டம் நடந்தது. வெள்ளைக்காரர் பந்துல காய்ச்சல் ஒட்டாது போல என்று லயத்து வரிசை வீடுகளில் சொல்லிச் சிரித்தார்களாம். கேட்டு நானும் சிரித்தேன். அந்தச் சிரிப்பையும் சேர்த்துத்தான் இப்போது எழுத வேண்டியிருக்கிறது.

மதராஸில் உங்கள் விடுதி வாசலைப் பூட்டிவிட்டார்கள், காலையும் மாலையும் உப்புத் தண்ணீர் கொப்பளிக்கச் சொல்கிறார்கள், வார்டன் அம்மாளுக்குப் பயம் தலைக்கேறிவிட்டது என்றெல்லாம் எழுதியிருந்தாய். திருச்சியில் உன் தோழியின் கல்யாணத்துக்குப் போவதற்காக, எனக்கு உடம்பு மோசம், மகளை அனுப்பி வையுங்கள் என்று நான் வார்டனுக்கு எழுத வேண்டும் என்றும் கேட்டிருந்தாய். காரணம் சொல்லாத கட்டளைக்குத் தலையாட்டாதே என்று சொல்லிக் கொடுத்தது நீங்கள்தானே அம்மா என்று கீழே கோடு வேறு போட்டிருந்தாய். நான்தான் சொல்லிக் கொடுத்தேன். இரண்டு மாதத்துக்கு முன்னாலாயிருந்தால் சிரித்துக்கொண்டே எழுதிக் கொடுத்திருப்பேன். இப்போது ஏன் முடியவில்லை என்பதை ஒளிக்காமல் சொல்கிறேன். நீ மூன்றாம் வருஷம் வைத்தியம் படிக்கிறாய், சரி பிழையை என்னைவிட நன்றாக எடைபோடுவாய்.

ஜூலையில் அப்பா படுத்துவிட்ட இரண்டாம் நாள் துரையிடமிருந்து சீட்டு வந்தது. காலையில் பேர் பதியும் பெரட்டுக் களத்தில், கொழுந்து பறிக்கப் போகும் பெண்கள் எல்லோருக்கும் காய்ச்சல் பார்க்க வேண்டும், காய்ச்சல் உள்ளவர்களை லயத்துக்குத் திருப்பி அனுப்ப வேண்டும், மாற்று டாக்டர் வரும்வரை டாக்டரின் சம்சாரம் படித்தவர் ஆகையால் அவர் பார்க்கட்டும் என்று எழுதியிருந்தது. மருந்துச் சாலையில் மூன்று தெர்மாமீட்டர் இருந்தன. ஒவ்வொரு வாய்க்கும் பிறகு டெட்டோல் தண்ணீரில் பத்து நிமிஷமாவது கிடக்க வேண்டும், மூன்றையும் மாற்றி மாற்றிப் பார் என்று அப்பா போர்வைக்குள்ளிருந்து சொன்னார். நானும் மதராஸில் ரசாயனம் படித்தவள், எனக்கும் அது தெரியாததல்ல. முதல் நாள் விறைத்த கையால் உதறும்போது மேசை விளிம்பில் பட்டு ஒன்று உடைந்தது. இன்னொன்றை ஒரு கிழவி கடித்துவிட்டாள். இரண்டாம் நாள் எழுபது பெண்களுக்கு ஒன்றே ஒன்றுதான்.

அந்த நாள் எப்படியிருந்தது என்று உனக்குத் தெரிய வேண்டும். ஆறு மணி, சாரல், எல்லோரும் கம்பளியைத் தலையில் போட்டுக்கொண்டு நிற்கிறார்கள். காய்ச்சல் என்று திருப்பி அனுப்பினால் அன்றைக்குப் பேர் விழாது, பேர் விழாவிட்டால் சம்பளம் இல்லை. காச்ச பாக்க வந்தீங்களா, பேரு வெட்ட வந்தீங்களா டாக்டரம்மா என்று பின்னாலிருந்து ஒருத்தி கேட்டாள், வரிசை முழுவதும் சிரித்தது. சிலர் பீலிக் குழாயில் பிடித்த குளிர்ந்த தண்ணீரை வாயில் ஊற்றி அடக்கி வைத்திருந்துவிட்டு, உதடு வெளுத்துப்போய் என் முன்னால் வந்து நின்றார்கள். காய்ச்சல் தெரியாமல் இருக்கத்தான். நான் பார்த்தும் பார்க்காதவள்போல இருந்தேன். இந்தச் சடங்கே கொழும்பிலுள்ள கம்பெனிக்குக் கணக்குக் காட்டத் துரை செய்வது, இதனால் ஒரு காய்ச்சலும் நிற்கப்போவதில்லை என்பது என் எண்ணம். கணக்கப்பிள்ளை கணேசமூர்த்தி கடிகாரத்தைப் பார்த்துப் பார்த்து, அம்மா ஏழாகப் போகுதுங்க, மல ஏறணுங்க என்று அவசரப்படுத்திக்கொண்டிருந்தார். பத்து நிமிஷம் என்பது ஒரு முக்கு முக்கி எடுத்துத் துணியில் துடைப்பது என்று எப்போது ஆனது என்று எனக்கே நினைவில்லை.

நாற்பத்தொன்றாவதாக வந்தவள் மீனம்மா, கீழ் லயத்துக்காரி. நூற்றிரண்டு இருந்தது, திருப்பி அனுப்பினேன். அடுத்தது பேச்சியம்மா, மேல் லயம், தொழிற்சாலையில் வேலை செய்யும் சோலைமலையின் மனைவி. ஏழு மாதம். நான் தெர்மாமீட்டரைத் துடைத்து நீட்டியதும் வாயைக் கையால் பொத்திக்கொண்டாள். அம்மா, அவ வாயிலருந்து எடுத்த எச்சிக் குச்சிய எனக்கு வைக்காதீங்க, கக்கத்துல வச்சுப் பாருங்க, எம்புட்டு நேரமானாலும் நிக்கிறேன் என்றாள். கீழ் லயத்து வீடுகளில் மேல் லயத்தார் தண்ணீர் வாங்கிக் குடிப்பதில்லை என்பது உனக்குத் தெரியும். எனக்குச் சுருக்கென்றது. இத்தனை வருஷம் இந்த எச்சில் பேச்சைக் கேட்டுக் கேட்டு உள்ளே சேர்த்து வைத்திருந்த கோபமெல்லாம் அவள் மேல் வந்தது. நான் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். சாதி பாக்குறதுன்னா உன் வீட்டுல பாரு, மருந்துல முக்கின குச்சிக்குச் சாதி இல்ல, வாயத் தொறக்குறியா, பேர வெட்டச் சொல்லவா என்று களம் முழுவதும் கேட்கச் சொன்னேன். மகாராணிக்குத் தங்கத்துல குச்சி வேணுமாம் என்று யாரோ சொன்னார்கள், எல்லோரும் சிரித்தார்கள். பேச்சியம்மா வாயைத் திறந்தாள். காய்ச்சல் இல்லை. அனுப்பினேன். அன்று மனதுக்குள் எனக்குக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

மூன்றாம் நாள் அவளுக்குக் காய்ச்சல் கண்டது. ஒன்பதாம் நாள் லயத்திலேயே குழந்தை பிறந்தது, உயிர் இல்லை. பெண் குழந்தை. அந்த இரண்டு வாரத்தில் நாற்பது பேருக்கு மேல் படுத்தார்கள். அவளுக்குப் பக்கத்துக் காம்பரா வீட்டிலிருந்து வந்திருக்கலாம், தொழிற்சாலையிலிருந்து சோலைமலை கொண்டு வந்திருக்கலாம், வரிசையில் இருமியவர்களிடமிருந்து வந்திருக்கலாம். நிரூபிக்க முடியாது என்பது எனக்குத் தெரியும். நிரூபிக்க முடியாது என்ற அந்த வார்த்தையை வாரக்கணக்காக எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன். ஆனால் என் நோட்டில் என் கையெழுத்தில் நாற்பத்தொன்று மீனம்மா 102, நாற்பத்திரண்டு பேச்சியம்மா 98.4 என்று அடுத்தடுத்து இருக்கிறது. அவற்றுக்கு நடுவில் ஒரு நிமிஷம்கூடக் கிடையாது. அந்தச் சோதனையில் எனக்கு நம்பிக்கை இல்லையென்றால் துரையின் சீட்டைத் திருப்பி அனுப்பியிருக்கலாம். செய்வதென்றால் ஒழுங்காகச் செய்திருக்கலாம், கக்கத்தில் வைத்தால் ஐந்து நிமிஷம் கூட ஆகும், அவ்வளவுதான். நான் நம்பாமலும் இருந்தேன், அதிகாரத்தையும் விடாமல் வைத்துக்கொண்டேன்.

போன ஞாயிறு சோலைமலை ஒரு துணியில் அவரைக்காய் கட்டிக்கொண்டு வந்தான். லயத்துக்குப் பின்னால் அவர்கள் போட்ட கொடியில் காய்த்தது. அவ சொல்லச் சொன்னாங்கம்மா, அன்னைக்கிப் பெரட்டுல உங்கள எதுத்துப் பேசிட்டாளாம், அந்தப் பாவந்தான் புள்ளையக் கொண்டுக்கிட்டுப் போயிருச்சுனு அழுதுக்கிட்டே இருக்கா, நீங்க ஒண்ணும் மனசுல வச்சுக்காதீங்க என்றான். நான் அவரைக்காயை வாங்கிக்கொண்டு, பரவாயில்லை என்று சொல்லு என்றேன். நாகு, நான் அவளை மன்னித்து அனுப்பினேன். அந்த அவரையைப் பொரியல் செய்தேன், அப்பா நன்றாயிருக்கிறது என்றார், என் பங்கு தட்டிலேயே கிடந்தது.

நேற்று மத்தியானம் அந்த லயத்துக்குப் போனேன். பேச்சியம்மா அடுப்புக்குப் பக்கத்தில் மாரைத் துணியால் இறுகக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பலகை போட்டாள், நான் உட்காரவில்லை. பத்து நிமிஷம் முக்க வேண்டிய குச்சியை முக்கி உடனே எடுத்தேன், உன்மேல் ஒரு பாவமும் இல்லை, பிழை என்னுடையது என்று சொன்னேன். அவள் நெருப்பையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, அப்ப நாஞ் சொன்னது சரிதானுங்களா என்று கேட்டாள். சரிதான் என்றேன். பொய் சொல்ல மாட்டேங்கம்மா, சாதியையும் நெனச்சுத்தான் சொன்னேன், ஆனா அவ இருமுனதையும் பாத்தேன் என்றாள். பிறகு, ஊட்டுக்குள்ள வந்து சொல்லிட்டீங்க, ஏசுனது பெரட்டுல வச்சுங்க, அங்க வச்சுச் சொல்லுங்க என்றாள். ஏய், யாருகிட்ட என்னா பேசுற என்று சோலைமலை பதறினான். அவள் அவன் பக்கம் திரும்பவில்லை. சரி என்று சொல்லிவிட்டு வந்தேன்.

அப்பாவிடம் ராத்திரிச் சாப்பாட்டின்போது சொன்னேன். அவர் கையைக் கழுவிவிட்டு வந்து நிதானமாகத்தான் பேசினார். யாரிடமிருந்து யாருக்கு வந்தது என்று எந்த வைத்தியனாலும் சொல்ல முடியாது, நீயாகப் போய்ச் சொன்னால் நாளைக்கு இந்த மருந்துச் சாலையில் கொடுக்கும் மாத்திரையை ஒருத்தரும் வாங்க மாட்டார்கள், துரை என்னைக் கேட்பார், இந்தக் குவார்ட்டர்ஸும் போகும், மகள் படிப்பு முடிய இன்னும் எத்தனை வருஷம் என்று யோசித்தாயா என்றார். அவர் சொன்னதில் ஒன்றையும் என்னால் மறுக்க முடியவில்லை. உன் படிப்பை நினைத்து வெகுநேரம் விழித்திருந்தேன். ஆனாலும் அந்தப் பெண், தன் குழந்தையைத் தன் வாயே தின்றது என்று மற்றவர்கள் நினைத்துக்கொண்டிருக்க, அதே களத்தில் தினமும் வரிசையில் நிற்பாள், நான் ஜன்னலிலிருந்து பார்த்துக்கொண்டிருப்பேன், அது என்னால் முடியாது. காலையில் எழுந்து, நாளைப் பெரட்டில் சொல்லத்தான் போகிறேன் என்று அப்பாவிடம் சொன்னேன். கொஞ்சம் முன்னால் பார்த்தேன், என் குடையில் கழன்றிருந்த கம்பியை நூல் போட்டுக் கட்டிக்கொண்டிருக்கிறார்.

ஆகையால் வார்டனுக்கு அந்தக் கடிதத்தை நான் எழுத மாட்டேன். கல்யாணத்துக்குப் போகாதே என்றும் சொல்லவில்லை. கல்யாணம் என்றே சொல்லி நேராகக் கேள், மறுத்தால் காரணம் கேள், வேண்டுமானால் சண்டை பிடி. விட்டால் போய் வா, இருமல் இருந்தால் விட்டாலும் போகாதே. நாளைக்கு நீ வார்டில் நின்று பிறருக்குக் கட்டளை சொல்லும்போது, படிக்காத ஒருத்தி வாயைப் பொத்திக்கொண்டால் அவள் என்ன காரணத்துக்காகப் பொத்துகிறாள் என்று நீயே முடிவு கட்டிவிடாதே, கேட்டுப் பார். வேறு புத்தி சொல்லும் தகுதி இப்போது எனக்கு இல்லை.

உடம்பைப் பார்த்துக்கொள், இரவில் தலையில் ஈரத்தோடு படுக்காதே. நல்லபடியாகப் படித்து, நீண்ட ஆயுளோடு, யாருக்கும் தீங்கு வராத கையோடு நீ இருக்க வேண்டும் என்பது எங்கள் இருவருடைய ஆசீர்வாதமும். என்னைப்பற்றி நீ என்ன நினைக்கிறாய் என்பதை மழுப்பாமல் எழுது. இது நாளைக் காலைத் தபாலில் போகும். இதைத் தோட்டத்துத் தபால்காரரிடம் கொடுத்துவிட்டு நேரே களத்துக்குப் போகிறேன், ஆறு மணிக்குப் பெரட்டு.

இப்படிக்கு,
உன் அம்மா
பரிமளம்