அக்கா, நான் நடக்கப் பழகுகிறேன்

இது யார் கையில் கிடைத்தாலும், தயவுசெய்து எங்கள் வீட்டில் காட்டிவிடாதீர்கள். அம்மா பார்த்தால் நான் தொலைந்தேன்.

என் செல்ல ரேவதி அக்கா,

ஒரு புத்தகம் படித்தேன். ஒருத்தி முதுகில் மூட்டையோடு, தன்னந்தனியாகக் காட்டிலும் மலையிலும் மாதக்கணக்கில் நடக்கிறாள்! ராத்திரியில் சாப்பாட்டுப் பையைக் கரடிக்கு எட்டாத கிளையில் கட்டித் தொங்கவிடுகிறாள். எறும்புக்குப் பயந்து அம்மா சர்க்கரை டப்பாவைத் தண்ணீர்த் தட்டில் வைப்பாளே, அந்த மாதிரி! பயம் வந்தால் சத்தமாகப் பாடுகிறாள். படிக்கப் படிக்க எனக்குக் கால் நிற்கவே இல்லை.

நீ போன பிறகு இங்கே நடந்தது உனக்குத் தெரியாதே. கம்பெனி பஸ் பிடிக்க ரோட்டைக் கடந்த உன்னை லாரி அடித்த நாளிலிருந்து, என்னைத் தெருமுனைக்குக்கூட நடக்க விடுவதில்லை. பள்ளிக்கூடத்துக்கும் அப்பாவின் வண்டியில்தான்.

இப்போது பள்ளியில் ஜவ்வாது மலைக்கு நடைப்பயணம் கூட்டிப்போகிறார்கள்! நான் பெயர் கொடுத்துவிட்டேன். நாளை அம்மாவோ அப்பாவோ வந்து சரி என்று சொல்ல வேண்டும். இன்னும் வீட்டில் வாயே திறக்கவில்லை.

கனமான பூட்ஸ் போட்டுப் பழக வேண்டும் என்று அந்தப் புத்தகத்தில் இருந்தது. நம் வீட்டில் கனமானது நீ கம்பெனிக்குப் போட்டுப் போன பழைய சேஃப்டி ஷூதான். நேற்று யாரும் இல்லாத நேரத்தில் அதை மாட்டிக்கொண்டு, மூட்டைக் கனத்துக்குப் பையில் ரேஷன் அரிசியைப் போட்டுக் கிளம்பினேன். நீ கடந்த அதே இடத்தில் ரோட்டைக் கடந்தேன், அக்கா. பயத்தில் இரண்டு பக்கமும் நாலைந்து தடவை பார்த்தேன். அன்றைக்கு நீயும் பயந்தாயா? இல்லை, பயப்படவே நேரம் இல்லையா?

பென்னலூர் பக்கம் போகையில் ஒரு கம்பெனி பஸ் பக்கத்தில் வந்து நின்றது.

“இன்னாமா, பஸ்ஸ வுட்டுட்டியா? ஏறு, ஏறு!” என்றார் டிரைவர்.

“இல்லண்ணா, சும்மா நடக்குறேன்.”

“சேஃப்டி ஷூ மாட்டிகினு சும்மா நடக்குறியா?”

“வுடுண்ணே, வேலய வுட்டுட்டு ஓடிப் போவுது போல!” என்று உள்ளே யாரோ சொல்ல, பஸ்ஸே சிரித்தது. ஜன்னலில் ஒரு முகம் மட்டும் சிரிக்கவில்லை. கம்பெனியில் உன் பக்கத்திலேயே நின்று வேலை பார்த்த செல்வி அக்கா. என் முகத்தையும் காலில் இருந்த உன் ஷூவையும் மாறி மாறிப் பார்த்தாள்.

கட்டைவிரல் நகம் கறுத்துவிட்டது. ஷூவின் முன்பக்கம் இரும்பு என்பதை மறந்தே போனேன். பெட்டி விழுந்தால் விரலைக் காப்பாற்றும், மலைக்கு ஆகாது! ஆனாலும் ஏரி வரை போய்த் திரும்பினேன். நானா அது?

மலை உச்சியில் நின்று உன் பெயரைக் கத்துவேன். சத்தியம்.

ஐயோ, கதவு தட்டுகிறது. அம்மா.

“செல்வி எல்லாத்தையும் சொல்லிட்டா. தொறடி.”

குரலில் கோபம் இல்லை. அதுதான் பயமாக இருக்கிறது. பொய் சொல்ல மாட்டேன், அக்கா. மலைக்குப் போகட்டுமா என்று கேட்டேவிடப் போகிறேன்.

உன் தங்கச்சி